வருகையின் நோக்கம்

புதன்கிழமை பெக்ஸில் வந்தது உத்தரவு:
பந்தி ஒன்பது, உபபந்தி இ
இத்தால் நீக்கப்படுகிறது.
மூன்று மொழியிலும் அடித்திருந்தார்கள்.
தமிழில் மட்டும் ஒரு ‘ழு’ விடுபட்டு
பொழுதுபோக்கு
பொதுபோக்கு ஆகியிருந்தது.
ஒருவரும் திருத்தவில்லை. நானும்தான்.

பின்னேரமே பலகையைக் கழற்றினோம்.
உட்பிரவேசித்தல் தடை. மீறுவோர்
என்ன ஆவார்கள் என்ற வரியை
எப்போதோ ஒரு யானை உரசி அழித்திருந்தது.
துருப்பிடித்த கடைசி ஆணிக்கு
ஜயதிலக ஐயாவே சுத்தியலை வாங்கினார்.
அதே தூணில் புதுசு:
குளிக்கலாம். சமைக்கலாம். சைக்கிள் ஓடலாம்.
காலை ஆறு முதல் மாலை ஆறு.
தலைக்கு நூறு ரூபா.

நெடுங்கேணிக்குப் பின்னால்
உலுவிந்தங்குளம் வரைக்கும்
கல்லு நட்டு, மஞ்சள் பூசி,
பதினொரு வருசம் ஆக்களைத் திருப்பி அனுப்பின வாய்
‘வாங்கோ’ சொல்லப் பழக
ஒரு கிழமை எடுத்தது.

முதல் ஞாயிறு பதினாலு வான்.
பாட்டுப்பெட்டி, பிரியாணிச் சட்டி,
காற்றடித்த வாத்து ஒன்று.
முதலை எங்கே என்று அழுத பிள்ளைக்கு
நீர்க்காகத்தைக் காட்டிச் சமாளித்தான் தகப்பன்.
பொய் சொல்லக் கூடாது,
எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.
இந்தக் காட்டுக்குள் இருந்து
சிரிப்புச் சத்தம் கேட்டு
எத்தனை காலம்.

பதிவேட்டில் நாலு கட்டம்:
பெயர். ஊர். ஆக்கள். வருகையின் நோக்கம்.
கடைசிக் கட்டத்தில் முதலாம் ஆள் ஒரு சொல் எழுதுவான்.
மற்றவர்கள் அதற்குக் கீழே
மேற்படி, மேற்படி, மேற்படி.

பிறகு ஒரு செவ்வாய்.
வான் இல்லை, வெயில் மட்டும்.
பஸ்ஸால் இறங்கி நாலு கட்டை நடந்து
யோகாம்பிகை வந்தா.

அவவை எனக்குத் தெரியும்.
ஆறு தரம் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
ஆறு தரமும் பிளாஸ்ரிக் போட்ட பேமிற்றைக் காட்டி,
தகப்பன் பெயரில் இரண்டு ஏக்கர் என்பா.
இது காடு அம்மா, கசெற்றில காடு என்பேன்.
‘காடெண்டா கிணறு ஏன் தம்பி கிடக்கு?’

இன்று பேமிற்றை எடுக்கவில்லை.
இரண்டு ஐம்பது ரூபாத் தாளை நீவி நீட்டினா.
பெயர் எழுதினா. ஊர் எழுதினா,
உலுவிந்தங்குளம் என்று.
நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.
நாலாம் கட்டத்தில் பேனை நின்றது.
‘என்ன எழுதோணும்?’
‘பொழுதுபோக்கு.’
‘எவ்வளவு பொழுது?’
‘ஆறு மணி மட்டும்.’
எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினா.

பைக்குள் சோற்றுப் பார்சல், பாய்,
சுருட்டின கயிறு, ஒரு வாளி.
வாளிக்கு எந்தப் பந்தியிலும் தடை இல்லை.

கண்ணிவெடி எடுத்தவர்கள்
வெள்ளை மையால் புள்ளி வைத்த கிணற்றுக்கட்டில்
அவ ஏறி நிற்பது
காவல் கொட்டிலில் இருந்து தெரிந்தது.
முதல் வாளி சேறு. பத்தாவதும் சேறு.
எண்ணுவதை விட்டேன்.
மத்தியானம் தாண்டி
தலையில் தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது,
ஒன்றன் பின் ஒன்றாக,
அவசரமே இல்லாமல்.
குளிக்கலாம் என்று
நாங்கள்தானே எழுதினோம்.

ஐந்தே முக்காலுக்கு ஈரத் தலையோடு வந்தா.
‘அடுத்த செவ்வாயும் நூறோ?’
‘ஓம்.’
‘சொந்தக் கிணத்துக்கு நூறு’ என்று
சிரித்தாவா, தெரியவில்லை.

இப்போது கதை அடிபடுகிறது,
போத்தல், பொலித்தீன், செத்த மான் ஒன்று,
உபபந்தி இ திரும்ப வரும் என்று.
பழைய பலகையை நாங்கள் எறியவில்லை.
களஞ்சிய அறையில்
சுவரைப் பார்த்தபடி நிற்கிறது, ஆணிகளோடு.

போன செவ்வாய்
அவ வெறுங்கையோடு திரும்பிப் போனா.
வாளி கிணற்றடியில் கிடக்கிறது, கயிறும்.
கண்டெடுத்த பொருட்களுக்கு
ஒரு பதிவேடு இருக்கிறது.
லாச்சிக்குள் இருக்கிறது.
திறப்பு என்னிடம்தான்.